கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த மாதங்களில் நான் அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பற்றி சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தா உன்ன மாதிரி ஒரு பொண்ணப் பெக்கணும் கண்ணு" என்கிறார்கள். அப்பாவுக்கு உடம்பு துடைத்தது, துணி மாற்றியது, முதுகில் புண் வராமல் காப்பாற்றியது எல்லாம் என் தம்பி. அவன் பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவன். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு. ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறான். யார் என்னைப் பாராட்டினாலும் உடனே, "எல்லாம் தம்பி பாத்ததுதாங்க" என்று சொல்லிவிடுவேன். கேட்பவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். அப்புறம், "ஆமாமா, அவனும் ஒத்தாசையா இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அப்பா போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. இந்தப் பேச்சு மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆண்கள் வேலை என்று வைத்திருப்பதைச் செய்யப் போகும் பெண்களுக்கும், பெண்கள் வேலை என்று வைத்திருப்பதைச் செய்யப் போகும் ஆண்களுக்கும் வேலை செய்கிற இடத்தில்தான் தொல்லை என்று பொதுவாக நினைக்கிறோம். கேலி, சந்தேகம், ஓரவஞ்சனை எல்லாம் அங்கே உண்டுதான். ஆனால் நான் கண்ணால் பார்த்தவரை பெரிய நெருக்கடி வீட்டுக்குள் இருக்கிறது. சம்பளத்துக்கு, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்கிறவரை ஊர் பொறுத்துக்கொள்ளும். அதே கைத்திறனைச் சொந்த வீட்டில் காட்டினால் யாருக்கும் பொறுக்காது. அப்படித் தடுப்பவர்களும் நம்மேல் உயிரையே வைத்திருக்கிற அம்மா, அத்தை, மாமியார், புருஷன்தான். அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை.

எங்கள் வீடு நெசவு வீடு. குழித்தறியில் அப்பா உட்காருவார். அம்மா ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவாள், அறுந்த இழையை முடிவாள், நீளவாட்டு நூலான பாவு போடும்போது தெருவில் நின்று பிடிப்பாள். நெசவாளர் சங்கத்தில் பாஸ்புக் அப்பா பெயரில் இருந்தது. ஒரு சேலைக்கு இவ்வளவு கூலி என்று அந்தப் புத்தகத்தில்தான் ஏறும். அம்மா சுற்றின தாருக்குத் தனியாகக் கூலி என்று யாரும் பேசியதே இல்லை. தறியில் உட்காருகிறவர் நெசவாளி, மற்றவர்கள் வீட்டு வேலை பார்ப்பவர்கள், அவ்வளவுதான் கணக்கு. இப்போது அம்மாப்பேட்டையில் பெண்களும் தறியில் உட்காருகிறார்கள். தார் சுற்றுகிற ஆம்பளையை மட்டும் இன்னும் அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை. தம்பி சின்னப் பையனாக இருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேகமாகத் தார் சுற்றுவான். கொஞ்சம் மீசை அரும்பியதும் அத்தை ராட்டையிலிருந்து எழுப்பிவிட்டாள். "போடா, வெளிய போய் விளையாடு. ஆம்பளப் பையன் ராட்டைகிட்ட என்ன வேலை?" என்றாள். நல்ல கை போகிறதே என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் நர்சிங் சேர்ந்தபோதும் இதே பேச்சு வந்தது. பிளஸ் டூ மார்க்குக்கு டாக்டர் சீட் கிடையாது, என்ஜினீயரிங் படித்தவர்கள் ஊரில் சும்மா இருந்தார்கள். "வேலை கிடைக்கும்னா படிக்கட்டும்" என்று அப்பா சொன்னதோடு பேச்சு முடிந்தது. அப்பா அதைத் துணிச்சலாகச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். தறிச் சத்தம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. பையன் மாதச் சம்பளத்தில் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தார்.

மருத்துவமனையில் அவனுக்கு எல்லாம் சுமுகமாக இருந்ததா என்றால் இல்லை. படிப்பில் பிரசவம் பார்க்கிற பாடமும் உண்டு, பரீட்சையும் உண்டு. வேலைக்கு வந்த பிறகு ஆண் நர்ஸைப் பிரசவ வார்டு பக்கம் விடுவதில்லை. அதில் அவனுக்கே குறை இல்லை. ஒரு பெண் நோயாளி, "எனக்குப் பொம்பள நர்ஸ்தான் வேணும்" என்றால் அது அவளுடைய உரிமை, அதில் வாதத்துக்கே இடமில்லை. அவனுக்கு வலித்தது வேறு. கனமான நோயாளியைத் தூக்க வேண்டும், குடித்துவிட்டு வந்து கேஷுவாலிட்டியில் ரகளை செய்கிறவனைப் பிடிக்க வேண்டும் என்றால் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற இடம் கிடைக்காத நரம்பைத் தேடிப் பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நர்ஸ் என்று எடுத்துவிட்டு அவனிடம் தோள்பலத்தை மட்டும் கேட்டார்கள்.

மத்திய அரசு வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் படித்தான். எய்ம்ஸ் நர்சிங் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்று 2019-இல் முடிவு செய்துவிட்டார்கள். ராணுவத்தில் பார்க்கலாம் என்றால் ராணுவ நர்சிங் சேவையை 1943-ஆம் வருஷத்து அவசரச் சட்டத்திலேயே பெண்களுக்கென்று எழுதி வைத்தார்கள். ஊருக்கு ஊர் இருக்கும் கிராம சுகாதார செவிலியர் பெண். ஆஷா பணியாளர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று 2005-இலேயே விதி எழுதிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், எங்கள் வீட்டுக்கே உதவியது. அதிலும் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்கள் பெண்கள்தான். இந்த வேலைகளால் எத்தனையோ பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து சொந்தக் காசைப் பார்த்தார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற வேலை பெண்ணுடையது என்று அரசாங்கமே விதியில் எழுதி வைத்திருக்கும்போது, அத்தையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மறுபக்கத்திலும் கதை இப்படித்தான் இருந்தது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களைக் காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணிவரைதான் ஆலையில் வைத்திருக்கலாம் என்றது. இரவு ஷிஃப்ட் கூடாது என்ற அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. கன்னியாகுமரிப் பக்கத்து வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டுதான் வருகிறது. திறந்த கதவு வழியாகப் போன பெண் சாயங்காலம் வீடு திரும்பியதும் என்ன நடக்கிறது என்பது சட்டத்தில் வராது.

ஏற்காடு போன கதை

எங்கள் எதிர்வீட்டு அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பல வருஷமாக ஓட்டுகிறார். பேட்ஜ் வாங்கி, ஹெவி லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூட்டை வண்டிக்கு நடுவில் வேனை ரிவர்ஸ் எடுக்கிறதைப் பார்த்தால் யாரும் நின்று பார்ப்பார்கள். காலையில் வேனை எடுக்கும் முன் அந்த வீட்டில் டிஃபன், மதியச் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் முடிந்திருக்கும். நான் ஒரு நாள், "ஏங்க்கா, மாமாவ ஒரு நாள் அரிசி களையச் சொல்லலாம்ல?" என்று கேட்டேன். "வேலைக்கு விட்டிருக்காங்களே, அதுவே பெருசு பாப்பா. சோத்துல ஒரு நாள் உப்புக் கம்மியானாலும் வண்டி ஓட்டறதாலதான்னு சொல்லிருவாங்க" என்றார். மற்ற பெண்கள் வைப்பதைவிட அவர் தலையில் பூ கூடவே இருக்கும். நெற்றியில் பொட்டும் பெரிதாக இருக்கும். ஆசைப்பட்டு வைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். "ஸ்டியரிங் பிடிக்கறவ ஆம்பள மாதிரி திரியறான்னு ஒரு வார்த்தை வந்துரக் கூடாது" என்று அவரே சொன்னார்.

ஒரு கோடை விடுமுறையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏற்காடு போனோம். அக்காவின் கொழுந்தனார் கார் கொடுத்திருந்தார். அடிவாரத்தில் வண்டி நின்றது. மேலே 20 கொண்டை ஊசி வளைவு. அக்காவின் வீட்டுக்காரர் தினமும் ஓட்டுவது பைக். கார் ஓட்டத் தெரியும், எப்போதாவது ஓட்டுவார். ஸ்டியரிங்கில் அவர் உட்கார்ந்தார். அக்கா பின்சீட்டில், வாந்தி எடுக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. கதவைத் திறந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். வளைவுக்கு வளைவு அக்காவின் வலது கால் தரையை அழுத்துவதை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரே இறங்கி வந்த வண்டிகள் மேலே ஏறும் வண்டிக்கு ஒதுங்கி வழி விட வேண்டும், மலைப்பாதையில் அதுதான் சட்டம். இவர் பயந்துபோய் இவராகவே ஓரம் கட்டி நிறுத்தி, திரும்பக் கிளப்பும்போது வண்டி பின்னால் உருண்டது. "ஹேண்ட் பிரேக் போட்டு எடுங்க" என்றார் அக்கா, மாமியார் காதில் விழாத குரலில்.

இறங்கும்போது பிரேக் தீய்கிற வாசனை வந்துவிட்டது. எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வண்டியை நிறுத்தச் சொல்லி அக்கா இறங்கினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஆறட்டும் என்று அரை மணி நேரம் எல்லோரையும் நிழலில் உட்கார வைத்தார். அப்புறம் மறுபடி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் கேட்டே விட்டேன், "அக்கா ஓட்டட்டுமே மாமா" என்று. அவர் கோபப்படவில்லை. "குடும்பத்தோட வரும்போது அவ ஓட்டி நான் பக்கத்துல உக்காந்தா பாக்கறவன் என்னம்மா நினைப்பான்?" என்றார். பாக்கறவன் என்று அந்த வளைவில் யாருமே இல்லை. தினமும் காலையில் ஊரார் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கிற கையில் சொந்தப் பிள்ளையை ஒப்படைக்க மனசு வராமல் அவர் மெதுவாக, செகண்ட் கியரில், பின்சீட்டிலிருந்து வந்த யோசனைப்படி கீழே இறக்கினார்.

அப்பா

அப்பா விழுந்தது ஒரு காலை நேரம். ஜி.எச்.சில் சேர்த்தோம். உயிர் பிழைத்தது, வலது கையும் காலும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மூக்கில் டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மாலையே அத்தை தர்மபுரியில் இருக்கிற எனக்கு போன் போட்டாள். "அப்பனுக்குச் செய்ய ஆளில்ல, ஒடனே கிளம்பி வா." நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். படுக்கையில் கிடக்கிற ஒருவரைத் திருப்பிப் போட எனக்குத் தெரியாது. ஐ.சி.யு.வில் தினமும் அதையே செய்கிற ஆள் அதே வீட்டில் இருக்கிறான். அவனைத் தாண்டி, சம்பளமில்லாத லீவில், இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்த அன்று யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

அம்மாவும் நானும் செய்தோம். அம்மாவுக்கு மூட்டு வலி, அப்பா நல்ல உயரம். தம்பி டூட்டி முடிந்து வருவான். விசாரிக்க வருகிறவர்கள் திண்ணையில் நிறைந்திருப்பார்கள். "தம்பி, நீ இங்க உக்காரு, வந்தவங்கள யாரு பாக்கறது?" என்று அத்தை அவனை வெளியே உட்கார வைத்துவிடுவாள். அவன் அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்ப்பான். டியூபில் கஞ்சி ஊற்றும்போது, "தலைமாட்ட ஒசத்துங்க, ஊத்தினதும் படுக்க வெக்காதீங்க" என்று குரல் கொடுப்பான். அத்தை ஒருநாள் அலுத்துக்கொண்டு சொன்னாள்: "ஆஸ்பத்திரில செய்யறது வேற சாமி, அது சம்பளம். வீட்டுல ஆம்பளப் புள்ள அப்பனுக்குப் பீத்துணி மாத்தறத நாலு பேரு பாத்தா, நாளைக்கு உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அத்தை கெட்டவள் இல்லை. எங்களை வளர்த்ததில் பாதி அவள்தான். தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. அந்தக் கவலையில்தான் பேசினாள்.

ஒரு ராத்திரி எல்லோரும் போன பிறகு தம்பி உள்ளே வந்து போர்வையை விலக்கி அப்பாவின் காலைப் பார்த்தான். வலது குதிகால் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தான். நல்ல தோல் என்றால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். அப்பாவுக்கு அழுத்தின இடம் வெளுக்கவே இல்லை. "புண்ணு ஆரம்பிக்குதுக்கா" என்றான். இடுப்புக்குக் கீழேயும் பார்க்க வேண்டும் என்று வேட்டியில் கை வைத்தான். அப்பா நல்ல கையால், இடது கையால், வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "விடுங்கப்பா, நான் பாக்கறேன்." விடவில்லை. பேச முடியாத மனிதர், கண்ணில் தண்ணீர் வடிகிறது, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். தறிக்குழியில் கால் வைத்து எங்களைக் காப்பாற்றிய மனிதர். மகன் முன்னால் இப்படிக் கிடக்க அவருக்கு முடியவில்லை. என்னையும் அம்மாவையும் விட்டார், அவனை விடவில்லை.

தம்பி வெளியே போனான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றே நினைத்தேன். தொட்டியில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. கையுறை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அப்பாவின் கண் படுகிற மாதிரி இடது பக்கம் வந்து நின்றான். நான் அதுவரை வீட்டில் கேட்டிராத ஒரு குரலில் பேசினான்.

"ஐயா, வணக்கங்க. நான் நைட் டூட்டி நர்ஸுங்க. உங்களுக்குத் துணி மாத்தி, முதுகு பாக்கணும். இப்ப உங்கள என் பக்கமா திருப்பப் போறேங்க. வலிச்சா கையால கட்டில தட்டுங்க, நிறுத்திருவேன். ஆரம்பிக்கட்டுங்களா?"

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்புறம் வேட்டியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. விழுந்த காலை முட்டியில் மடக்கினான். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து ஒரே வாக்கில் தன் பக்கம் திருப்பினான். நானும் அம்மாவும் மூச்சுப் பிடித்து இழுக்கிற உடம்பு, மெதுவாகப் புரண்டு வந்தது. விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே செய்தான். அழுக்கான விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோரம் ஒதுக்கினான். சுத்தமான விரிப்பைப் பாதி சுருட்டி அதையொட்டி வைத்தான். வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்தான். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தான். அந்தப் பக்கம் திருப்பி, பழைய விரிப்பை உருவி, புதியதை இழுத்து, கைவைத்துத் தடவிச் சுருக்கம் இல்லாமல் செய்தான். சுருக்கம் ஒன்று இருந்தால்கூட அந்த இடத்தில் தோல் அழுந்தும் என்றான். முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் எதிலும் படாமல் நிற்கிற மாதிரி. சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா என்று அம்மா கேட்டாள். தேய்த்தால் உள்ளே இன்னும் கெடும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றினால் அதுவே சரியாகும் என்றான். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் அப்பாவிடம் சொன்னான். ஒவ்வொரு தடவையும் "ஐயா" என்று கூப்பிட்டுச் சொன்னான். கடைசியில், "முடிஞ்சுதுங்க ஐயா, நல்லா ஒத்துழைச்சீங்க" என்றான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முகம் அவ்வளவு நாளில் முதல்முறையாக இறுக்கம் விட்டிருந்தது.

கொல்லைப்புறத்தில் விரிப்பை அலசிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன். "வார்டுல இதுக்குப் பத்து நிமிஷம்தாங்க்கா. இங்க இத்தன நாளா விடமாட்டேன்னுட்டீங்களே" என்றான். அவனுக்கும் அழுகைதான். மகனாகச் செய்ய விடாத வேலையை, வேற்று ஆளாக நின்று பெற்ற அப்பனை "ஐயா" என்று கூப்பிட்ட பிறகுதான் செய்ய முடிந்தது. அது அவனுக்கு ஜெயித்ததாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. நர்ஸை ஏற்றுக்கொண்ட அப்பா, அந்த நர்ஸ் தன் மகன்தான் என்பதைக் கடைசிவரை ஏற்றுக்கொண்டாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சாகிறவரைக்கும் "ஐயா"தான். மற்ற நேரத்தில், மூக்கு டியூபை எடுத்த பிறகு இட்லியைப் பிசைந்து ஊட்டும்போதுகூட, "அப்பா" என்பான்.

மறுநாள் விஷயம் அத்தைக்குத் தெரிந்தது. அவள் தடுக்கவில்லை. "செய்யறதச் செய். கதவச் சாத்திக்கிட்டு செய்" என்றாள். அப்படித்தான் நடந்தது. கதவுக்கு உள்ளே அவன் செய்வான், நான் பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கதவைத் திறந்ததும் அவன் பின்வாசல் வழியாகப் போய்ச் சட்டை மாற்றித் திண்ணைக்கு வருவான். நான் பேசினோடு முன்னால் வருவேன். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். "பொண்ணுதான் பாத்துக்கறா" என்று அம்மா சொல்வாள். நான் வாயைத் திறந்தால் என் கையை அழுத்துவாள். ஊர் பாராட்டு எனக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஒரே ஒரு நாள் வேறு மாதிரி நடந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ் அம்மா வந்திருந்தார். அப்பாவின் முதுகைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார், தலையணை வைத்திருக்கிற இடத்தைப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டுல நர்ஸ் யாரு?" என்றார். "நான்தாங்க" என்று தம்பி திண்ணையிலிருந்து எழுந்து வந்தான். எங்கே படித்தாய், எந்த வார்டு, டியூப் எத்தனை நாளாச்சு என்று இருவரும் தொழில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்று அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

யார் தொடுவது

இதில் ஆண் பெண் கணக்கு மட்டும்தான் இருக்கிறதா என்று யோசித்தால், இல்லை, சாதியும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. அத்தை கோபத்தில் ஒரு தடவை, "நம்ம சனத்துல ஆம்பளைங்க செய்யற வேலையாடா இது?" என்று கேட்டாள். உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்த்த ஆண்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். மருத்துவர் என்று சாதிப் பெயர் கொண்ட சமூகத்தில் ஆண்கள் முடி வெட்டினார்கள், கட்டிக்கு மருந்து போட்டார்கள், புண்ணை ஆற்றினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். அவர்கள் கை பட்டுப் பிறந்தவர்களே அவர்களைத் திண்ணையில் ஏற விடவில்லை. தொட்டுச் செய்கிற வேலை என்றால் கீழ் என்று அன்றிலிருந்தே வைத்துவிட்டோம். வீட்டுப் பெண் செய்தால் அதற்குப் புண்ணியம் என்று பெயர், கூலி கிடையாது. மேல் என்று தன்னை நினைத்துக்கொள்கிற வீட்டு ஆண் செய்தால் அவன் கீழே இறங்கிவிட்டான்.

அதனால்தான் எதிர்வீட்டு அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நெருக்கடி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 2017-இல் ரோகிணி சேலத்தின் முதல் பெண் ஆட்சியராக வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. என் பெண்ணுக்கு அவர் படத்தைக் காட்டியிருக்கிறேன். வேன் ஓட்டுகிற அக்காவுக்கும் மகளிர் தினத்தன்று பள்ளிக்கூடத்தில் சால்வை போட்டார்கள். வீட்டில் பின்சீட்டுதான் என்றாலும், வெளியே அவர் ஏறி வந்ததாக ஊர் சொல்லும். நர்ஸான ஆணுக்கு யாரும் சால்வை போட்டு நான் பார்க்கவில்லை. "வேற ஒண்ணும் கிடைக்கலையா தம்பி?" என்று பரிதாபம்தான் படுகிறார்கள். அந்தப் பரிதாபம் அவனோடு நிற்பதில்லை. காலங்காலமாக அதே வேலையைச் செய்துவரும் எல்லாப் பெண்கள்மேலும் போய் விழுகிறது. பையனுக்குக் கேவலம் என்றால், என் அம்மா செய்ததும் நான் செய்ததும் என்ன?

கல்யாணப் பேச்சு இன்னும் நடக்கிறது. முன்பெல்லாம் ஜாதகத்தோடு கொடுக்கிற காகிதத்தில் தொழில் என்ற இடத்தில் அம்மா "மெடிக்கல்" என்று எழுதச் சொல்வாள். மருந்துக்கடை வைத்திருக்கிறான் என்று நினைத்து வந்த வீடுகளும் உண்டு. இப்போது அந்தக் காகிதத்தை நான்தான் எழுதுகிறேன். "ஸ்டாஃப் நர்ஸ், ஐ.சி.யு." என்று எழுதுகிறேன். போனில் பேசும்போது, அப்பாவுக்குக் கடைசிவரை எல்லாம் அவன்தான் செய்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆத்தூர் பக்கத்து வீடு ஒன்று அதோடு போனை வைத்துவிட்டது. "நீயே கெடுக்கற" என்று அத்தை என்னோடு சண்டை போடுகிறாள். நானும் விடாமல் சண்டை போடுகிறேன். அப்பனுக்குச் செய்ததைக் கேட்டு முகம் சுளிக்கிற வீட்டில் பெண் எடுத்து என்ன செய்வது என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அதற்காக அவள் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

இதற்கிடையில் அக்கம்பக்கத்தில் யாராவது படுக்கையில் விழுந்தால் தம்பியைத் தேடி வர ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் போகிறான். போகிற வீட்டில் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறான்: வீட்டில் மகன் இருந்தால் அவன் கூட நிற்க வேண்டும், விரிப்பைப் பிடிக்க வேண்டும், செய்து காட்டியதைத் திரும்பச் செய்ய வேண்டும். சில மகன்கள் போன் வந்த மாதிரி வெளியே நழுவிவிடுவார்கள். போன மாதம் பொன்னம்மாபேட்டையில் ஒரு பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தார். மூத்தவன் நழுவிவிட்டான். விசைத்தறிக்குப் போகும் இளையவன் நின்றான். முதல் தடவை கை நடுங்கியதாம். மறுநாள் அவனே போன் பண்ணி, தலையணையை எந்தப் பக்கம் வைப்பது என்று சந்தேகம் கேட்டிருக்கிறான். தம்பி வீடியோ காலில் பார்த்துக்கொண்டே சொல்ல, அவன் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தான். நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் கட்டிக்கொடுத்திருந்த இரண்டு மகள்களுக்கும் வழக்கம்போல் தகவல் போயிருந்தது. அவர்கள் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் அன்றைய வேலை முடிந்திருந்தது.